ஜிப்லி படங்களின் தரவரிசை விவாதம்

ஜப்பானின் ஸ்டூடியோ ஜிப்லி தயாரித்த அனிமேஷன் படங்களில் எதற்கு முதலிடம், எதற்குக் கடைசி இடம் என்று ரசிகர்களிடையே நீண்ட நாளாக நடந்துவரும் வாதம் இது. எல்லா நிறுவனங்களின் படங்களையும் ரசிகர்கள் வரிசைப்படுத்திப் பார்ப்பதுண்டு. ஜிப்லி விஷயத்தில் மட்டும் அந்த வாதம் தனிச் சூடு பிடிக்கிறது. அதற்குப் படங்களின் தன்மையே காரணம். மொத்தம் இருபத்துச் சொச்சம் படங்கள்தாம். வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தாலும் அரை ஆண்டில் முடிந்துவிடும். இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று நீட்டும் வழக்கமும் இல்லை. 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' (1995) படத்திலிருந்து கிளைத்த 'தி கேட் ரிட்டர்ன்ஸ்' (2002) ஒன்றே விலக்கு. அதனால் ஒவ்வொரு படத்தையும் தனியாக எடைபோட முடிகிறது. முக்கியமான படங்களில் பெரும்பாலானவை ஹயாவோ மியாசாகி, இசாவோ தகாஹாதா என்ற இருவர் இயக்கியவை. படங்களை வரிசைப்படுத்த உட்காரும் எவரும் சற்று நேரத்தில் இந்த இருவரையும் ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார். விவாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

எவை ஜிப்லி படங்கள்

வரிசை போடுவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிடும். நிறுவனம் தோன்றியது 1985 ஜூனில். ஆனால் அதன் முதல் படமாகப் பலர் சொல்லும் 'நௌசிகா' 1984இல் டாப்கிராஃப்ட் என்ற வேறொரு நிறுவனத்தில் உருவானது. அதன் வெற்றிதான் ஜிப்லி பிறக்க வழிவிட்டது; ஜிப்லியும் அதைத் தன் படங்களோடு சேர்த்தே காட்டுகிறது. எனவே பெரும்பாலான பட்டியல்களில் அது இடம்பெறுகிறது. அப்படியானால் மியாசாகி 1979இல் எடுத்த 'தி காஸில் ஆஃப் காலியோஸ்ட்ரோ'வை ஏன் விட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அதற்கும் ஜிப்லிக்கும் நிறுவன உறவு எதுவும் இல்லை என்பதே விடை.

தொலைக்காட்சிக்காக எடுத்த 'ஓஷன் வேவ்ஸ்' (1993), முப்பரிமாணக் கணினி வரைகலையில் செய்த 'இயர்விக் அண்ட் தி விட்ச்' (2020), ஐரோப்பியக் கூட்டுத் தயாரிப்பான 'தி ரெட் டர்ட்டில்' (2016) ஆகிய மூன்றும் வாசலில் நிற்கும் படங்கள். சேர்ப்பவரும் உண்டு, விடுபவரும் உண்டு. 'ரெட் டர்ட்டிலை' விட்டுவிடுவது இழப்பு. வசனமே இல்லாத அந்தப் படத்தை இயக்கியவர் டச்சுக்காரரான மைக்கேல் டூடோக் டெ விட். ஆனால் அந்தப் படத்தின் உருவாக்கத்தில் தகாஹாதாவின் கையும் இருந்தது.

எந்த வடிவத்தைப் பார்த்தோம்

ஒரே பெயரில் வெவ்வேறு படங்களைப் பார்த்தவர்கள் வாதிடுவது இங்கே சாதாரணம். 'நௌசிகா' 1985இல் அமெரிக்காவில் 'வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்' என்ற பெயரில் இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டப்பட்டு வெளிவந்தது. அந்தச் சிதைவைக் கண்டபின் வெட்டுக்கு இடமில்லை என்பதை ஜிப்லி உறுதியான கொள்கையாக வைத்துக்கொண்டது.

நுட்பமான உதாரணம் 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' (1989). சிறுமி கிகி தன் கறுப்புப் பூனை ஜிஜியோடு பேசுவாள். நடுவில் அவளுடைய மந்திர ஆற்றல் குன்றும்போது பூனையின் பேச்சு அவளுக்குப் புரியாமல் போகிறது. ஜப்பானிய மூலத்தில் ஆற்றல் திரும்பிய பிறகும் ஜிஜி 'மியாவ்' என்றுதான் கத்துகிறது. கிகி வளர்ந்துவிட்டாள், குழந்தைப் பருவத்தின் ஒரு கதவு மூடிக்கொண்டது. 1998இல் டிஸ்னி வெளியிட்ட ஆங்கில டப்பிங்கில் பூனை கடைசியில் மறுபடி பேசிவிடுகிறது. மூலத்தில் இல்லாத நகைச்சுவை வசனங்களும் அதற்குக் கிடைத்தன. அந்த டப்பிங்கில் படத்தைக் கண்டு வளர்ந்தவருக்கு அது இழந்தது கைகூடும் கதை. சப்டைட்டிலோடு மூலத்தைப் பார்த்தவருக்கு இழப்பை ஏற்றுக்கொள்ளும் கதை. ஒருவர் மூன்றாம் இடமும் மற்றவர் பதினொன்றாம் இடமும் தந்தால் அது ரசனை வேறுபாடு என்று சொல்லிவிட முடியாது. 2010இல் வந்த மறுபதிப்பு அந்தச் சேர்க்கைகளில் சிலவற்றை நீக்கியது.

2020 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை 21 படங்கள் மூன்று தவணைகளாக நெட்ஃபிளிக்ஸில் வந்தன. அமெரிக்கா, கனடா, ஜப்பான் நீங்கலாக இந்தியா உள்ளிட்ட நாடுகளில் அவை கிடைத்தன. அதுவரை நண்பர்களிடம் கேட்டு வாங்கிய வட்டுகளில் ஆளுக்கு நாலைந்து படங்கள் பார்த்தவர்கள், ஊரடங்கு நாட்களில் மொத்தத்தையும் பார்த்து முடித்தார்கள். அந்த 21இல் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' (1988) இல்லை. மூலக்கதையை வெளியிட்ட ஷின்சோஷா பதிப்பகமே அந்தப் படத்துக்கு முதலிட்டதால் அதன் உரிமை ஜிப்லியிடம் இல்லை. 2024 செப்டம்பரில்தான் அது நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் புதிய ரசிகர்கள் எழுதிய எண்ணற்ற பட்டியல்களில் அந்தப் படம் காணப்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

வாக்கெடுப்புகளும் வசூலும்

முதலிடத்துக்கு அதிகம் சொல்லப்படும் பெயர் 'ஸ்பிரிட்டட் அவே' (2001). பெர்லின் விழாவின் தங்கக் கரடி (2002), ஆஸ்கர் (2003) இரண்டும் அதற்குக் கிடைத்தன. ஜப்பானில் 30 பில்லியன் யென்னைத் தாண்டிய அதன் வசூல், 2020இல் 'டெமன் ஸ்லேயர்: முகென் டிரெய்ன்' வரும்வரை முறியடிக்கப்படவில்லை. 2016இல் ஜப்பானில் ஜிப்லி படங்களுக்கென்றே நடந்த ரசிகர் வாக்கெடுப்பிலும் அதுவே வென்றது. அதே ஆண்டு பிபிசி, 21ஆம் நூற்றாண்டின் சிறந்த படங்கள் எவை என்று உலகெங்கும் உள்ள விமர்சகர்களைக் கேட்டுத் தொகுத்த பட்டியலில் அது நான்காம் இடம் பெற்றது.

இந்தச் சான்றுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் முதன்முதலாக வழங்கப்பட்டதே 2002இல்தான். 1997இல் வெளிவந்த 'பிரின்சஸ் மொனோனொகே' போட்டியிட அப்படியொரு பிரிவே இருக்கவில்லை. பிபிசி பட்டியல் 2000 முதல் வந்த படங்களுக்கானது. 'மை நெய்பர் டோட்டோரோ' (1988) அதில் நுழைய வழியில்லை. 'டோட்டோரோ'வும் 'ஸ்பிரிட்டட் அவே'யும் ஒரே களத்தில் நின்ற ஒரு வாக்கெடுப்பு, பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 2022இல் நடத்தியது. அதில் 'டோட்டோரோ' 72ஆம் இடம், 'ஸ்பிரிட்டட் அவே' 75ஆம் இடம். 'டோட்டோரோ' ரசிகர்கள் இதை வெற்றிச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு விமர்சகரும் பத்துப் படங்களை வரிசை எண் இல்லாமல் எழுதித் தருகிறார். பட்டியலின் அந்தப் பகுதியில் இடங்களைப் பிரிப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகள்தாம்.

வசூல் வாதம் இதைவிடப் பலவீனமானது. 'டோட்டோரோ' திரையரங்கில் பெரிதாக ஓடவில்லை. தொலைக்காட்சி ஒளிபரப்பும் பின்னர் வந்த துணிப்பொம்மைகளும் சேர்ந்துதான் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோயின. இன்று ஜிப்லியின் சின்னமே அந்தப் பெரிய சாம்பல் நிற உருவம்தான்.

தொலைக்காட்சி ஒரு படத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு 'காஸில் இன் தி ஸ்கை' (1986) இன்னும் நல்ல சாட்சி. ஜப்பானியர் அதை லபுட்டா என்பார்கள். உச்சக்காட்சியில் சிறுவன் பாசுவும் சிறுமி ஷீட்டாவும் கைகோத்து 'பல்சு' என்ற அழிவு மந்திரத்தைச் சொல்வார்கள். படம் தொலைக்காட்சியில் வரும் இரவுகளில் அதே நொடியில் அந்தச் சொல்லைத் தாங்களும் ட்விட்டரில் எழுதுவது ஜப்பானிய ரசிகர்களின் சடங்கு. 2013 ஆகஸ்ட் 2 அன்று அப்படி ஒரே நொடியில் 1,43,199 ட்வீட்டுகள் பதிவாகி உலகச் சாதனை ஆனது. பிற நாட்டுப் பட்டியல்களில் நடுவில் தங்கிவிடும் அந்தப் படத்தை ஜப்பானிய ரசிகர் ஒருவர் தலைக்கு மேல் தூக்கிவைத்தால் வியக்க வேண்டியதில்லை. அவர் அதைத் தனியாகப் பார்க்கவில்லை. ஊரோடு சேர்ந்து பார்த்தார்.

அடிவரிசை

கடைசி இடத்தைப் பற்றி ஏறக்குறைய ஒத்த கருத்து நிலவுகிறது. மியாசாகியின் மகன் கோரோ இயக்கிய 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ' (2006), 'இயர்விக்' ஆகிய இரண்டில் ஒன்றுதான் அங்கே நிற்கும். 'எர்த்சீ' மூலநாவல்களின் ஆசிரியர் உர்சுலா லெ குவினே தன் ஏமாற்றத்தை வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும் அந்த ஆண்டு ஜப்பானியப் படங்களில் அதிகம் வசூலித்தது அதுதான். கோரோவின் 'ஃப்ரம் அப் ஆன் பாப்பி ஹில்' (2011) நல்ல படம். தந்தையின் நிழலில் வைத்து அதைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை.

ஹயாவோ மியாசாகியின் 'தி விண்ட் ரைசஸ்' (2013) வேறு வகைச் சிக்கல். போர் விமானம் வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷியின் கதை அது. படத்தின் அழகை யாரும் மறுப்பதில்லை. அந்த விமானங்கள் எதற்குப் பயன்பட்டன என்பதைப் படம் போதிய அளவு கேட்கிறதா என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்குச் சொல்லும் விடையைப் பொறுத்து ரசிகர்கள் அதற்கு மூன்றாம் இடமும் தருகிறார்கள், பதினைந்தாம் இடமும் தருகிறார்கள்.

தகாஹாதாவின் இடம்

1988 ஏப்ரல் 16 அன்று 'டோட்டோரோ'வும் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸும்' ஒரே நுழைவுச்சீட்டில் இரட்டைக் காட்சியாக வெளிவந்தன. முதலாவது மியாசாகியுடையது, இரண்டாவது தகாஹாதாவுடையது. இரண்டிலும் தாய் அருகில் இல்லாத உடன்பிறப்புகள். இரண்டிலும் இளையவள் நான்கு வயதுச் சிறுமி. 'டோட்டோரோ'வில் மெய் தொலைந்துபோகிறாள், ஊரே தேடுகிறது, பூனைப் பேருந்து அக்காவை அவளிடம் கொண்டுசேர்க்கிறது. 'ஃபயர்ஃப்ளைஸில்' செட்சுகோவைத் தேட யாரும் இல்லை. கோபே நகரத்துக் குண்டுவீச்சுக்குப் பின் அண்ணன் செய்தாவோடு ஒரு குகையில் அவள் பசியால் வாடி இறக்கிறாள். மிட்டாய் டப்பாவில் அவளுடைய எலும்புகள் மிஞ்சுகின்றன.

பிடித்த படம், சிறந்த படம் என்ற இரண்டு சொற்களும் பிரியும் இடம் இதுதான். 'ஃபயர்ஃப்ளைஸ்' ஒரு மகத்தான படம் என்று ஒப்புக்கொள்ளும் ரசிகர்களே, மறுபடி பார்க்கத் துணிவில்லை என்றும் சொல்கிறார்கள். பட்டியல்களோ திரும்பத் திரும்பப் பார்த்த படங்களுக்கே கனிகின்றன. காய்ச்சலில் படுத்த நாளில் போட்டுப் பார்த்த படம், பிள்ளைக்குக் காட்டிய படம், மழைநாள் மாலையில் மனம் தேடும் படம். இந்த அளவுகோலில் 'டோட்டோரோ' எப்போதும் வெல்லும். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் தன் மகத்தான படங்களின் வரிசையில் இரண்டையும் சேர்த்தார். அவர் வரிசையில் எண்கள் கிடையாது. அது நல்ல வழி.

செய்தாவைப் பற்றிய தனி வாதமும் நடக்கிறது. அத்தையின் ஏச்சைப் பொறுத்துக்கொண்டு அவள் வீட்டிலேயே இருந்திருந்தால் தங்கை பிழைத்திருப்பாளே என்று கேட்பவர்கள் உண்டு. பதினான்கு வயதுப் பையன் மேல் பழியா என்று கொதிப்பவர்களும் உண்டு. படத்தை எல்லோரும் போர் எதிர்ப்புப் படம் என்றாலும் தகாஹாதா அதைப் பலமுறை மறுத்தார். சமூகத்திலிருந்து தங்களைத் துண்டித்துக்கொண்டு இருவராக மட்டும் வாழ முயன்ற பிள்ளைகளின் தோல்வியை அவர் மனத்தில் வைத்திருந்தார். அதை அறிந்து பார்த்தால் படம் இன்னும் கடுமையாகிறது.

அவருடைய பிற படங்கள் ஜப்பானுக்கு வெளியே பட்டியல்களில் தாழ்ந்திருப்பதற்கு எளிய காரணம், அவை தாமதமாகப் போய்ச் சேர்ந்ததே. 'ஒன்லி யெஸ்டர்டே' 1991இல் ஜப்பானியப் படங்களிலேயே அதிகம் வசூலித்தது. 27 வயதுப் பெண் ஒருத்தி தன் பள்ளி நாட்களை நினைத்துப் பார்க்கும் அந்தப் படத்தில் சிறுமிகளின் மாதவிடாய் பற்றிய பேச்சு இயல்பாக வரும். அமெரிக்கத் திரையரங்குகளை அது எட்டியது 2016இல், 25 ஆண்டுகள் கழித்து. அதற்குள் அங்கே ஒரு தலைமுறையின் மனத்தில் மியாசாகியே ஜிப்லி என்றாகிவிட்டது.

என் கணிப்பில் ஜிப்லியின் உச்சம் தகாஹாதாவின் கடைசிப் படமான 'தி டேல் ஆஃப் தி பிரின்சஸ் ககுயா' (2013). மூங்கில் வெட்டும் கிழவர் கண்டெடுத்த பெண்ணின் பழங்கதையை எட்டு ஆண்டு உழைத்து எடுத்தார். கரிக்கோடும் நீர்வண்ணமுமாக, பாதி வரைந்து விட்டதுபோல வெற்றுத்தாள் தெரியும் சட்டகங்கள். பெயர் சூட்டும் விருந்தில் தன்னை ஏளனமாகப் பேசுவதைக் கேட்ட ககுயா மாளிகையை விட்டு ஓடுவாள். ஓட ஓடக் கோடுகள் கிழிபட்டுக் கிறுக்கல்களாகும். அவள் கோபத்தைக் கோடே சுமக்கும். கைவரைகலையால் மட்டுமே ஆகக்கூடிய காரியம் இது. பணம் ஈட்டவில்லை. ஆஸ்கருக்கு முன்மொழியப்பட்டது, வெல்லவில்லை. பட்டியல்களில் மெல்ல மேலேறி வருகிறது.

முதலில் அறிவித்த திட்டப்படி 'ககுயா'வும் 'விண்ட் ரைசஸும்' 1988இல் போலவே ஒரே நாளில் வெளிவந்திருக்க வேண்டும். வேலை முடியாததால் தகாஹாதாவின் படம் தள்ளிப்போனது. மியாசாகியின் படம் ஜூலை 20 அன்றும் தகாஹாதாவுடையது நவம்பர் 23 அன்றும் வந்தன. 2018 ஏப்ரலில் தகாஹாதா இறந்தார். 'தி பாய் அண்ட் தி ஹெரான்' (2023) படத்தில் கற்கட்டைகளை அடுக்கி ஓர் உலகத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் முதிய பெரியப்பாட்டனார் வருவார். அந்தப் பாத்திரம் தகாஹாதாவே என்று தயாரிப்பாளர் தொஷியோ சுசுகி சொல்லியிருக்கிறார். அந்தக் கற்கட்டைக் கோபுரத்தைத் தனக்குப் பின் ஏற்றுக்கொள் என்று பெரியப்பாட்டனார் கேட்க, படத்தின் நாயகனான சிறுவன் மறுத்துவிட்டு வெளியேறும் காட்சியைப் பற்றித்தான் ரசிகர்கள் இப்போது வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.