இரண்டாம் முறையும் திறக்கும் வாசல்: லொங்குய்ய்யிலும் கிளிநொச்சியிலும் தொழிற்கல்வி

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், சென் லோறன்ஸ் ஆற்றின் தென்கரையில், மொன்றியல் தீவுக்கு எதிரே இருக்கிறது லொங்குய்ய். மெட்ரோவின் மஞ்சள் பாதை 1967 முதல் ஆற்றுக்கு அடியால் ஓடி அங்கே முடிகிறது. சுமார் இரண்டரை இலட்சம் பேர் வாழும் நகரம். 1928 இல் தொடங்கிய பிராட் அண்ட் விற்னி கனடா நிறுவனத்தின் தலைமையகமும், சென்-ஹியூபேர் விமான நிலையமும், கனேடிய விண்வெளி முகவரகத்தின் தலைமையகமும் அந்த நகர எல்லைக்குள் இருக்கின்றன. விமான எஞ்சினுக்கு உலோகம் கடைபவர்கள், ஒட்டுபவர்கள், பழுது பார்ப்பவர்கள் இல்லாமல் அந்த ஊரின் பொருளாதாரம் நகராது.

இலங்கையின் வடக்கே, வன்னியில் கிளிநொச்சி இருக்கிறது. 2009 இல் போர் முடிந்தபோது கூரையும் சுவரும் இழந்து நின்ற ஊர். அதன் அறிவியல்நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்களுக்கு அருகே, 2016 இல் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. வாகனம், கட்டுமானம், மின்சாரம் போன்ற துறைகளில் இளைஞர்கள் அங்கே பயில்கிறார்கள்.

இந்த இரண்டு ஊர்களின் பணத்தை ஒப்பிடுவதில் பயன் இல்லை. ஒப்பிட வேண்டியவை வேறு கேள்விகள். தொழிற்கல்விக்குள் யார் நுழையலாம்? எந்த வயதில்? ஒருமுறை தவறவிட்டவர் மறுபடியும் வரலாமா? ஏற்கெனவே கையில் இருக்கும் திறனுக்கு என்ன மதிப்பு? அந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? 1986 இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மீட்கப்பட்ட 155 தமிழர்களில் பலர் மொன்றியலுக்கு வந்தார்கள். அன்றிலிருந்து மொன்றியலில் வேர்விட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு இரண்டு ஊர்களிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்விகள் நம் வீட்டுக் கேள்விகள்.

நிலைத்த சீர்திருத்தமும் நிலைக்காத சீர்திருத்தமும்

இன்றைய கியூபெக்கைப் பார்ப்பவர்களுக்கு அங்கே தொழிலுக்கு எப்போதும் மதிப்பு இருந்ததுபோலத் தோன்றும். 1960களுக்கு முன் நிலைமை அப்படி இல்லை. திருச்சபை நடத்திய செவ்வியல் கல்லூரிகளில் இலத்தீன் படித்தவர்கள் மருத்துவர், வழக்கறிஞர், குருவானவர் ஆனார்கள். தொழிலாளியின் பிள்ளை பெரும்பாலும் சிறுவயதிலேயே வேலைக்குப் போனது. கல்வியை ஆராய 1961 இல் அமைந்த பறான் ஆணைக்குழு இந்தப் பிளவை நேரடியாகத் தொட்டது. அதன் அறிக்கை 1963 தொடக்கம் 1966 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதன் விளைவாக 1967 இல் செஜெப் என்னும் கல்லூரிகள் பிறந்தன. லொங்குய்ய்யின் எதுவார்-மொன்பெத்தி செஜெப்பும் அந்த முதல் ஆண்டிலேயே தொடங்கியது.

செஜெப்பின் அமைப்பில்தான் அந்தச் சீர்திருத்தத்தின் உயிர் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் போகும் இரண்டாண்டுப் படிப்பும், நேரே வேலைக்குப் போகும் மூன்றாண்டுத் தொழில்நுட்பப் படிப்பும் ஒரே கல்லூரியில் நடக்கின்றன. சென்-ஹியூபேர் விமான நிலையத்தை ஒட்டி இருக்கும் தேசிய வான்தொழில்நுட்பப் பள்ளி எதுவார்-மொன்பெத்தி செஜெப்பின் ஓர் அங்கம். விமானப் பராமரிப்புப் பயிலும் மாணவரும் அங்கே இலக்கியமும் மெய்யியலும் படித்தே ஆக வேண்டும். கையால் வேலை செய்பவருக்குச் சிந்தனை தேவையில்லை என்ற பழைய எண்ணத்துக்குப் பாடத்திட்டமே கொடுத்த பதில் அது.

இலங்கையிலும் ஒரு முயற்சி நடந்தது. கொழும்பில் அரச தொழில்நுட்பப் பாடசாலை 1893 இலேயே தொடங்கியிருந்தாலும், பொதுப் பாடசாலைக்குள் தொழில் பெரிதாக நுழையவில்லை. 1972 கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளில் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. எல்லாப் பிள்ளையும் புத்தகத்தோடு ஒரு தொழிலையும் அறிய வேண்டும் என்பது அதன் நோக்கம். 1977 இல் ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது.

தமிழர் நினைவில் அந்த ஆண்டுகள் வேறொன்றாகவே பதிந்திருக்கின்றன: பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல். பல்கலைக்கழகக் கதவு கண்முன்னே ஒடுங்கியபோது, பாடசாலையில் தச்சும் நெசவும் பழகும் பாடத்தைத் தமிழ்ப் பெற்றோர் நல்லெண்ணத்தோடு பார்த்திருக்க முடியாது. நியாயமான அச்சம் அது. ஆனால் அந்தக் காயத்தின் கீழே, தொழிற்கல்வி பற்றிய நல்ல யோசனை ஒன்றும் புதைந்துபோனது. கியூபெக்கில் ஒரு தலைமுறை முழுதும் நிலைத்த கட்டடமாக எழுந்தது, இலங்கையில் ஐந்தாறு ஆண்டில் கலைந்தது.

நுழைபவர் யார்?

லொங்குய்ய்யின் அரச பாடசாலைகளை நிர்வகிக்கும் மரி-விக்தோறன் பாடசாலைச் சேவை மையத்தின்கீழ் பியர்-துபுய், ஜாக்-ரூசோ, ஜெரார்-ஃபிலியோன், ஷார்லோத்-தாஸே ஆகிய தொழிற்பயிற்சி மையங்கள் இருக்கின்றன. அங்கே கிடைப்பது டி.இ.பி. என்ற தொழிற்கல்விப் பட்டயம். பாடநேரம் தொழிலுக்குத் தொழில் வேறுபடும். வெல்டிங், வாகனம் திருத்தல், மின்சார வேலை ஆகியவை 1800 மணித்தியாலங்கள். முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் படிப்பு 870 மணித்தியாலங்கள்.

பல தொழில்களுக்கு, 16 வயது நிரம்பி, இடைநிலைப் பள்ளியின் நான்காம் ஆண்டான செக்கண்டரி 4 இன் மொழிகளிலும் கணிதத்திலும் தேறியிருந்தால் போதும். 18 வயதைத் தாண்டியவர் பழைய பாடசாலைப் புள்ளிகள் இல்லாமலே ஒரு பொதுத் தேர்வை எழுதி நுழையும் வழியும் இருக்கிறது. கியூபெக்வாசிக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. அடிப்படைப் பாடங்கள் குறைந்தவர் லெமுவான்-டிபேர்வில் போன்ற வளர்ந்தோர் கல்வி நிலையத்தில் அவற்றை முடித்துக்கொண்டு வரலாம்.

1980களின் பிற்பகுதியில் கியூபெக் தொழிற்கல்வியில் நடந்த மாற்றத்தால் இளையவருக்கும் வளர்ந்தவருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பட்டயம். பதினேழு வயதுப் பையனும், ஆலை மூடி வேலை இழந்த நாற்பது வயதுத் தகப்பனும் ஒரே பட்டறையில் நிற்கிறார்கள். அந்த வகுப்புகளில் பெரும்பான்மையோர் இருபது வயதைக் கடந்தவர்கள்.

இலங்கையில் நுழைவு வேறுவிதமானது. க.பொ.த. சாதாரண தரம், பிறகு உயர்தரம் என்ற இரண்டு பரீட்சைகள் பிள்ளைகளைச் சலித்துக்கொண்டே போகின்றன. உயர்தரத்தில் தகுதி பெற்றவர்களிலும் பெரும்பாலோருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. தொழில்நுட்பக் கல்லூரிகளும், 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும் வடக்கு வரை பரந்திருக்கின்றன. ஆனால் மக்கள் மனதில் அவை பரீட்சையில் விழுந்தவர் போகும் இடங்களாகவே இருக்கின்றன. 2017 இல் தொடங்கிய 13 ஆண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் இதை மாற்ற முயல்கிறது. சாதாரண தரத்தில் சித்தி எய்தாத பிள்ளையும் அதே பாடசாலையில் இருந்து தொழிற்பிரிவில் இரண்டாண்டு பயிலலாம். 1972 க்குப் பிறகு பாடசாலைக்குள்ளேயே தொழிலுக்கு இடம் கொடுக்க எடுத்த பெரிய அடி இது.

வளர்ந்தவரைப் பொறுத்தவரை இலங்கையின் குறை பெரிது. முப்பத்தைந்து வயதில் மறுபடி படிக்க வரும் ஒருவரை அங்கே வகுப்பறை எதிர்பார்ப்பதில்லை. விளம்பரங்கள் பாடசாலையை விட்டு வெளியேறிய இளைஞரையே அழைக்கின்றன. போரில் படிப்பு அறுந்த ஒரு முழுத் தலைமுறை வன்னியில் இருக்கும்போது இந்தக் குறை இன்னும் கனக்கிறது.

கையில் இருக்கும் திறனுக்குச் சான்று

போருக்குப் பின் இந்திய அரசின் உதவியோடு வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. அந்தச் சுவர்களைக் கட்டிய மேசன்மார், கூரை போட்ட ஓடாவிமார், வயரிங் செய்தவர்கள் பலர் வேலையிடத்திலேயே தொழில் பழகியவர்கள். அவர்களின் அறிவு சுவரில் தெரிகிறது, தாளில் இல்லை.

இந்த இடத்தில் இலங்கையிடம் நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 2004 முதல் நடைமுறையில் உள்ள தேசிய தொழிற்தகைமைச் சட்டகம், முன்கற்றலை அங்கீகரிக்க வழி வைத்திருக்கிறது. வேலை அனுபவத்தை ஆதாரங்களோடு காட்டி, மதிப்பீட்டாளர் முன் தொழிலைச் செய்துகாட்டினால், வகுப்பில் உட்காராமலே சான்றிதழ் பெறலாம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் ஒருவருக்கு இந்தத் தாள் சம்பளத்தையே மாற்றக்கூடியது.

கியூபெக்கிலும் கற்றதையும் திறனையும் அங்கீகரிக்கும் முறை இருக்கிறது. டி.இ.பி. பல தேர்ச்சிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கிறார்கள். இருபது தேர்ச்சிகளில் பதினைந்து கைவசம் இருந்தால், மீதி ஐந்தை மட்டும் படித்தால் போதும். இரண்டு முறைகளுக்கும் அடிப்படை ஒன்றே: எங்கே கற்றாய் என்பதைவிட என்ன செய்யத் தெரியும் என்பதே கேள்வி. வேறுபாடு அடுத்த படியில் வருகிறது. குறை எது என்று கண்டபின் அதை நிரப்பும் வகுப்பையும் லொங்குய்ய் அருகிலேயே வைத்திருக்கிறது. கிளிநொச்சி மேசனுக்கு அந்த வகுப்பு எட்டும் தூரத்தில் இருப்பது அரிது.

வீட்டு அடுப்பும் படிப்பும்

குடும்பம் உள்ளவருக்கு இலவச வகுப்பு மட்டும் போதாது. படிக்கும் மாதங்களில் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். 2020 இல் பெருந்தொற்று முதியோர் இல்லங்களை உலுக்கியபோது, கியூபெக் அரசு பத்தாயிரம் பராமரிப்பு உதவியாளர்களை இலக்காக வைத்து 375 மணித்தியால விரைவுப் பயிற்சியைத் தொடங்கியது. பயில்வோருக்கு வாரம் 760 டொலர் கொடுத்தது. 2024 தொடக்கத்தில் கட்டுமானத் தொழில்களுக்கும் வாரம் 750 டொலரோடு குறுகிய பயிற்சிகள் வந்தன. படிக்கும் காலத்துக்குப் பணம் கிடைத்தால் வளர்ந்தவர்கள் வகுப்புக்கு வருவார்கள் என்பதை இவை காட்டின. ஆனாலும் இவை நெருக்கடிக் காலத்து ஏற்பாடுகள். எல்லாத் தொழிலுக்கும் எப்போதும் அப்படிக் கிடைப்பதில்லை.

இலங்கையில் பயிலுநருக்குக் கொடுபடும் சிறு படி ஓர் இளைஞனின் பஸ் செலவுக்கு உதவலாம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஒரு குடும்பத்தை அது தாங்காது.

மேலே போகும் வழி

படிநிலை என்று பார்த்தால், வரைபடத்தில் இலங்கையே தெளிவாக இருக்கிறது. ஒன்று முதல் நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். ஒரே எண்வரிசையில் வெல்டரும் பட்டதாரியும் நிற்கிறார்கள். இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இதன் உச்சிப்படி. கிளிநொச்சிப் பிள்ளைக்கு அந்தப் படி முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது என்பதுதான் கவலை.

கியூபெக்கில் செஜெப்பின் தொழில்நுட்பப் படிப்பிலிருந்து பொறியியல் பட்டத்துக்குப் போக அகன்ற பாதை இருக்கிறது. 1974 இல் மொன்றியலில் உருவான உயர் தொழில்நுட்பப் பள்ளி அத்தகைய மாணவரை மனதில் வைத்தே கட்டப்பட்டது. டி.இ.பி. யிலிருந்து செஜெப்புக்குப் போகும் பாதை அவ்வளவு நேரானதல்ல. செக்கண்டரி 4 உடன் தொழிலுக்குப் போன பிள்ளை, பின்னர் செஜெப்புக்குப் போக விரும்பினால் செக்கண்டரி 5 இன் மொழிப் பாடங்களை முடித்தாக வேண்டும். பெற்றோர் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

மொழியிலும் கிளிநொச்சிக்கு ஒரு நிறைவு உண்டு. அங்கே தொழிலைத் தமிழில் கற்கலாம். லொங்குய்ய்யின் மையங்கள் பிரெஞ்சில் நடக்கின்றன. 1977 மொழிச் சட்டத்துக்குப் பின் பிரெஞ்சுப் பாடசாலையில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது தடையாகாது. வளர்ந்தபின் வந்த தாய்தகப்பனுக்கே அது முதல் மதில். அரசின் இலவச பிரெஞ்சு வகுப்புகளும், தென்கரையின் ரிவர்சைட் ஆங்கிலப் பாடசாலைச் சபை நடத்தும் தொழிற்கல்வியும் அந்த மதிலைச் சற்றுத் தாழ்த்துகின்றன.

நம் பக்கம் செய்ய வேண்டியது

இரண்டு இடத்திலும் தொழிற்கல்வியைப் பின்னுக்கு இழுக்கும் ஒரு பொதுச் சக்தி இருக்கிறது: வீட்டின் மனநிலை. யாழ்ப்பாணச் சமூகத்தில் கொல்லர், தச்சர், மேசன் வேலைகள் நெடுங்காலம் சாதியோடு கட்டப்பட்டிருந்தன. அந்த இழிவுணர்வைப் பெயர் சொல்லாமலே நாம் பொதிக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம். "படிப்பு வராட்டில் கராஜுக்குப் போ" என்று வன்னியில் சொல்லும் வாயும், டி.இ.பி. என்றதும் முகம் சுளிக்கும் மொன்றியல் வாயும் ஒரே வாய்தான். கியூபெக் சமூகமும் முழுதாக விடுபடவில்லை. அங்கும் பாடசாலை முடித்த கையோடு தொழிற்பயிற்சிக்குப் போகும் இளையவர் குறைவு.

இந்த ஒப்பீட்டிலிருந்து நான் உறுதியாகக் கொள்ளும் முடிவு இது. ஒரு தொழிற்கல்வி முறையின் தரத்தை அது முதல்முறை வரும் பிள்ளையை எப்படி வரவேற்கிறது என்பதை விட, இரண்டாம் முறை வரும் மனிதரை எப்படி வரவேற்கிறது என்பதே காட்டும். லொங்குய்ய் அதில் முன்னே நிற்கிறது. கிளிநொச்சியிடம் நல்ல சட்டகமும் தாய்மொழியும் இருக்கின்றன. மாலை வகுப்பும், வளர்ந்தவருக்கான உதவித்தொகையும், மேசனின் வாசலுக்கே வரும் மதிப்பீட்டாளரும் வேண்டும்.

இவற்றில் சிலவற்றுக்குப் புலம்பெயர்ந்தோரின் பணம் உதவ முடியும். கோயிலுக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் ஊர்ச்சங்கங்கள் வாரிக் கொடுக்கின்றன. அதில் ஒரு பங்கை, முப்பது வயதைக் கடந்த பத்துப் பேர் ஆறு மாதம் வேலையை விட்டுப் படிக்க உதவித்தொகையாகக் கொடுக்கலாம். அவர்களின் முன்கற்றல் மதிப்பீட்டுக்கான செலவை ஏற்கலாம். மொன்றியலில், பதினாறு வயதுப் பிள்ளையோடு பாடத்தெரிவு பேசும்போது செஜெப்போடு டி.இ.பி. யையும் ஒரே மேசையில் வைத்துப் பேசலாம். இருபது வருடம் உணவகச் சமையலறையில் நின்ற தகப்பன், தன் திறனை மதிப்பிடும்படி பயிற்சி மையத்திடம் கேட்கலாம். அந்த உரிமை அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை அவருக்குச் சொல்வது, தெரிந்த ஒவ்வொருவரின் கடமை.