ஒரே மொழி

எஸ்பெராந்தோவை உருவாக்கிய சாமென்ஹோஃப் 1859இல் பிறந்தது பியாவிஸ்டோக்கில். ரஷ்யர், போலிஷ்காரர், ஜெர்மானியர், யூதர் எல்லாரும் ஆளுக்கொரு மொழி பேசி முறைத்துக்கொண்டிருந்த ஊர். பொதுமொழி ஒன்று வந்துவிட்டால் பகை தீர்ந்துடும்னு நம்பினார் மனுஷன்.

இன்று அது போலந்தின் பழமைப்பிடிப்பு மிகுந்த வடகிழக்கில் இருக்கிறது. 2019 ஜூலை 20 அன்று அங்கே பால்புதுமையினரின் முதல் பேரணி. அதற்கு முன்பே பேராயரின் எதிர்ப்புக் கடிதம் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டுவிட்டது. வானவில் கொடியோடு வந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர். எதிர்க்க வந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. கல், பாட்டில், பட்டாசு பறந்தன. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. ஆனாலும் நடந்தார்கள். ஒரு வாரத்தில் மற்ற நகரங்களிலும் அவர்களுக்காகக் கூட்டம் கூடியது.

எறிந்தவர்களும் அடிபட்டவர்களும் பேசியது ஒரே போலிஷ் மொழிதான். சாமென்ஹோஃப் கணக்கில் இது இல்லை. மொழி புரிஞ்சா மட்டும் போதாது. பக்கத்து வீட்டுக்காரர் யார்னு தெரியணும். அதைச் சொல்லத்தான் தெருவில் இறங்க வேண்டியிருந்தது.