செவ்வாயின் புதைபனி: ஒரு கண்டுபிடிப்பின் வரலாறு

செவ்வாயின் நிலத்தடிப் பனிக்கட்டி 2002ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்டது என்பர். இக்கூற்றுப் பிழையன்று; எனினும் அதன் வேர் எண்ணெய்க் கிணற்றிலே உள்ளதென்பதை நாம் மறத்தலாகாது. 1941இல் அமெரிக்காவின் ஒக்லகோமாவிலே, நியூத்திரன்களைக் கொண்டு கிணற்றுப் பாறைகளை ஆராயும் முறையை வகுத்தவர் புரூனோ பொன்டிகோர்வோ என்னும் இத்தாலியப் பௌதிகவியலாளர். (1950இல் அவர் சோவியத் நாடு சென்றமை வேறு கதை.) நியூத்திரனும் ஐதரசன் கருவும் ஏறத்தாழச் சமதிணிவுடையன, ஆதலின் ஐதரசனோடு மோதும் நியூத்திரன் விரைவிலே வேகமிழக்கும். எண்ணெயும் நீரும் ஐதரசன் மிக்கவை.

செவ்வாயிலே நியூத்திரன்களைத் தருவது யாது? அண்டக்கதிர்களே அப்பணியைச் செய்கின்றன. அவை மண்ணின் கருக்களைத் தாக்க, வெளிப்படும் நியூத்திரன்கள் மெல்லிய வளிமண்டலத்தைக் கடந்து விண்கலத்தை எட்டுகின்றன. 2001இல் ஏவப்பட்ட 'மார்ஸ் ஒடிசி'யில் அமெரிக்கக் கருவிகளோடு ரஷ்யக் கருவியொன்றும் அவற்றை ஆராய்ந்தது. தெற்கே 60 பாகைக்கு அப்பால் இடைவேக நியூத்திரன்கள் பெரிதும் குறைந்திருந்தன; ஐதரசனுக்கே உரிய காமாக் கதிரும் தோன்றிற்று.

ஆயின் கருவிகள் கண்டது ஐதரசனையேயன்றி நீரையன்று. நீரேறிய கனியங்களும் ஐதரசன் கொண்டவையே. அளவின் மிகுதி கொண்டே பனிக்கட்டியென ஆய்வாளர் துணிந்தனர். இவ்வரலாற்றின் நுண்ணிய இடம் இதுவே என நாம் கருதுகிறோம். சுமார் ஒரு மீற்றர் ஆழத்துக்குக் கீழே இம்முறை எதனையும் உரையாது.

அத்துணிபைச் சோதிக்கவே 'பீனிக்ஸ்' கலம் 2008 மே மாதம் வடக்கே 68 பாகையில் இறங்கியது. அது தோண்டிய குழியிலே வெண்கட்டிகள் தென்பட்டன. நான்கு நாளில் மறைந்தன. உப்பாயின் மறைந்திராது. யூலையில், சூடாக்கிய மண்மாதிரியிலிருந்து நீராவி எழுந்தது.