ஒரே கூரை, ஒரே பந்தி



கல்லூரியில் இடம் கிடைத்த மகிழ்ச்சி அடங்குமுன்னே, "பிள்ளை எங்கே தங்குவான்?" என்ற கவலை பெற்றோர் நெஞ்சில் குடிபுகுந்துவிடும். நம் மாவட்டத்தார் இக்கவலையை நன்கு அறிவர். 1965-இல் தருமபுரி தனி மாவட்டமாகுமுன், மேற்படிப்பை நாடியவர்கள் சேலத்துக்கோ, சென்னைக்கோ, 1951-இல் சலேசிய சபையார் திருப்பத்தூரில் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரிக்கோ செல்ல வேண்டியிருந்தது. இன்று ஊரிலேயே கல்லூரிகள் உண்டு. ஆயினும் நம் பிள்ளைகள் நகரங்களுக்குப் பெட்டி கட்டுவது நின்றபாடில்லை. எனவே மாணவர் விடுதிகளின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது இவ்விழா மலருக்குப் பொருத்தமே.

நம் பங்குகளில் பணிபுரியும் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் பிறப்பிலும் ஒரு தங்குமிடத்துக்குப் பங்கு உண்டு என்பதை எத்தனை பேர் அறிவோம்? 1831-இல் பிரெடெரிக் ஓசானாம் என்னும் இளைஞர் சட்டம் பயிலப் பாரீஸ் நகருக்கு வந்தார். முதலில் தங்கிய இடம் அவருக்கு ஒத்துவரவில்லை. மின்னோட்டத்தின் அளவுக்குத் தம் பெயரைத் தந்த அறிவியலறிஞர் ஆம்பியர் அவரைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். அத்தகைய பேரறிஞர் ஆலயத்தில் முழந்தாளிட்டுச் செபிப்பதைக் கண்டது அவ்விளைஞரின் விசுவாசத்தை உறுதிப்படுத்தியது. திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று மாற்றுக் கருத்துடைய மாணவர்கள் சவால் விட்டபோது, 1833 ஏப்ரல் 23 அன்று ஓசானாமும் நண்பர்கள் சிலரும் ஒன்றுகூடினர். அருட்சகோதரி ரோசாலி ரெந்து அவர்களை ஏழைகளின் இல்லங்களுக்கு வழிகாட்டினார். மாணவர் ஏற்றிய அச்சிறு விளக்கே இன்று உலகெங்கும் ஒளி வீசுகிறது. 1997-இல் ஓசானாமுக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது.

நம் தமிழகத்திலும் நல்ல முன்மாதிரிகள் உண்டு. 1905-இல் சென்னை மயிலாப்பூரில், சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் தூண்டுதலால், ஏழு ஏழை மாணவர்களோடு இராமகிருஷ்ண மாணவர் இல்லம் தொடங்கிற்று. உணவும் உறையுளும் கல்வியும் இலவசமாகப் பெற்ற மாணவர்கள், இல்லத்து வேலைகளைத் தாங்களே பகிர்ந்து செய்யப் பழகினர். 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது சேலையூர், புனித தோமா, பிஷப் ஹீபர் ஆகிய மூன்று விடுதிகள் கல்லூரி வாழ்வின் உயிர்நாடியாயின. பல மதத்தாரும் பல சாதியாரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர். பொறுப்பாளரை மாணவரே தேர்ந்தெடுத்தனர். சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சென்று தொண்டும் புரிந்தனர்.

இதன் அருமையை உணர அக்காலத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். பல விடுதிகளில் சாதிக்கொரு சமையலறை, சாதிக்கொரு பந்தி இருந்த காலம் அது. 1924-25-இல் சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி பற்றி எழுந்த பிரச்சினை தமிழகத்தையே உலுக்கியது. நாமும் நம்மை நியாயப்படுத்திக்கொள்ள இயலாது. வடக்கன்குளம் ஆலயத்திலேயே சாதிகளைப் பிரித்து நின்ற சுவர், 1910-இல்தான் இடிக்கப்பட்டது.

அது பழங்கதை என்று ஒதுக்கிவிடலாமா? 2012 நவம்பர் 7 அன்று, நம் மாவட்டத்து நாயக்கன்கொட்டாய் பகுதியில், ஒரு கலப்புத் திருமணத்தின் பின்விளைவாக, நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று குடியிருப்புகளில் ஏழைகளின் வீடுகள் எரிக்கப்பட்டன. பக்கத்துப் பக்கத்து ஊரில் பிறந்தும் ஒரு நாளும் ஒன்றாக உண்டறியாதவர்களிடம் பகை எளிதில் பற்றிக்கொள்கிறது. அடியேன் குருமடத்தில் பயின்ற ஆண்டுகளில், பல ஊர்ப் பிள்ளைகளோடு உண்டு, ஒருவர் தட்டை ஒருவர் கழுவிக் கற்ற பாடம், இறையியல் வகுப்பில் கற்றதற்குச் சற்றும் குறைந்ததன்று.

ஆகவே பெற்றோரே, விடுதி தேடும்போது கட்டணத்தையும் கழிப்பறையையும் பாருங்கள், தவறில்லை. கூடவே, அங்கே யார் யாரோடு அமர்ந்து உண்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். மாணவச் செல்வங்களே, அறைக் கதவைத் தாழிட்டுப் படித்தால் மதிப்பெண் வரும். காய்ச்சலில் கிடக்கும் அடுத்த அறைத் தோழனுக்குக் கஞ்சி கொண்டுபோனால் மனிதம் வளரும். வாரத்தில் ஒரு மணி நேரமாவது, அருகிலுள்ள ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள்.

தம் சீடரோடு ஒரே பந்தியில் அமர்ந்து, அவர்தம் பாதங்களைக் கழுவிய ஆண்டவர், நம் பிள்ளைகள் தங்கும் இல்லங்கள்தோறும் உடன் தங்குவாராக!