ஏழு நொடி அடித்தவருக்கு என்ன கூலி?

1969-ல் அமெரிக்காவில் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற குழு ஒரு சின்ன இசைத்தட்டு வெளியிட்டது. முன்பக்கத்தில் இருந்த 'கலர் ஹிம் ஃபாதர்' பாட்டு பெரிய ஹிட். கிராமி விருதும் வாங்கியது. பின்பக்கத்தை நிரப்ப 'ஆமென், பிரதர்' என்று ஒரு வாத்திய இசையைப் போட்டார்கள். அதன் நடுவே மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடுகின்றன. கிரிகரி கோல்மன் என்ற கறுப்பின டிரம்மர் மட்டும் தனியாக நான்கு சுற்று அடிக்கிறார். ஏறத்தாழ ஏழு நொடி. பிறகு எல்லோரும் சேர்ந்துகொள்ள, இசை தன் வழியில் போய் முடிகிறது.

அந்த ஏழு நொடி இன்று ஆயிரக்கணக்கான பாடல்களுக்குள் இருக்கிறது. 1988-ல் வந்த என்.டபிள்யூ.ஏ.வின் 'ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்' பாட்டில் அது இருக்கிறது. 90-களில் இங்கிலாந்தில் பிறந்த ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் ஆகிய இசை வகைகள் பெரும்பகுதி அதன் மேல்தான் எழுந்து நிற்கின்றன. நீங்களும் கட்டாயம் எங்காவது கேட்டிருப்பீர்கள்; பெயர்தான் தெரிந்திருக்காது. கோல்மன் 2006-ல் அட்லாண்டாவில் இறந்தார். அப்போது அவருக்கு வீடு இல்லை. அந்த ஏழு நொடிக்காக ராயல்டியாக ஒரு காசும் அவர் கைக்கு வரவில்லை.

எலக்ட்ரானிக் இசைக்குத் தாள ஒலிகள் எப்படி உருவாயின என்ற வரலாற்றை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் மாலை நேரப் படிப்பு மையங்களுக்கு வரும் தம்பி தங்கைகள் பலர் இப்போது போனிலும் பழைய லேப்டாப்பிலும் பீட் போடுகிறார்கள். கிக், ஸ்னேர், கிளாப் என்று ஃபோல்டர் ஃபோல்டராக ஒலிகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். அந்த ஒலிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. யாரோ கண்டுபிடித்தார்கள், யாரோ அடித்தார்கள். அதில் யாருக்குப் பெயர் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது நமக்குப் பழக்கமான கதை.

1980-ல் இரண்டு இயந்திரங்கள் வந்தன. ஒன்று ரோஜர் லின் உருவாக்கிய எல்எம்-1. மனிதர் அடித்த நிஜமான டிரம் ஒலிகளைப் பதிந்து, கம்ப்யூட்டர் சிப்பில் வைத்துத் திரும்ப ஒலிக்கச் செய்த முதல் டிரம் மெஷின் அதுதான். விலை சுமார் 5,000 டாலர். அந்தக் காலத்தில் மெமரி சிப்புக்கு அவ்வளவு விலை என்பதால், நீண்ட நேரம் ஒலித்து அடங்கும் சிம்பல் ஒலியை அதில் சேர்க்கவே முடியவில்லை. பணக்கார ஸ்டுடியோக்கள் வாங்கின.

இன்னொன்று ஜப்பானில் இகுதாரோ ககேஹாஷியின் ரோலண்ட் நிறுவனம் செய்த டிஆர்-808. இதில் பதிவு செய்த ஒலி ஒன்றுகூட இல்லை. எல்லாம் மின்சுற்றிலிருந்தே பிறப்பவை. கிக் ஒலிக்கு, ஒரு சுற்றைச் சின்ன மின் துடிப்பால் தட்டிவிடுகிறார்கள். மணியைத் தட்டினால் அது ரீங்கரித்து அடங்குவது போல அந்தச் சுற்றும் அதிர்ந்து அடங்குகிறது. சிம்பலுக்கு, ஒன்றோடொன்று சுருதி சேராத ஆறு அலைகளைக் கலந்து வடிகட்டினார்கள். கைத்தட்டலுக்கு, வெறும் இரைச்சலைத் துண்டு துண்டாக நறுக்கி அடுத்தடுத்து விட்டார்கள். அந்த இரைச்சலுக்குள் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று இருக்கிறது. குறையுள்ளவை என்று ஒதுக்கிய டிரான்சிஸ்டர்களைத்தான் ககேஹாஷி தேடி வாங்கினார். அவை எழுப்பிய சீறல் நல்ல டிரான்சிஸ்டரில் வராது. தயாரிப்பு முறை மேம்பட்டுக் குறையுள்ளவை கிடைக்காமல் போனதும் 808-ன் உற்பத்தி நின்றது. அது 1983. அதுவரை விற்றது சுமார் 12,000.

அன்று பலர் அதைப் பொம்மை என்று கேலி செய்தார்கள். நிஜ டிரம் போல ஒலிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. அதனாலேயே அடகுக்கடைகளுக்கும் பழைய சாமான் கடைகளுக்கும் குறைந்த விலையில் வந்து சேர்ந்தது. எல்எம்-1 வாங்க வசதியில்லாத கறுப்பின இளைஞர்கள் நியூயார்க்கிலும் டெட்ராய்ட்டிலும் மியாமியிலும் அதை எடுத்தார்கள். இன்று உலகம் முழுக்க ஹிப்ஹாப்பில் அதிரும் அந்த அடிவயிற்றுக் கிக், அவர்கள் கையில்தான் இசையாக ஆனது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பாதையும் ஓடியது. நியூயார்க்கின் குயீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பைச் சேர்ந்த மார்லி மார்ல், 80-களின் நடுவில் ஒரு பழைய தட்டிலிருந்து குரலை எடுக்கப் போய், தவறுதலாக ஒரு ஸ்னேர் அடியைப் பதிந்துவிட்டார். தட்டிப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. இனி எந்தத் தட்டிலிருந்தும் ஒரே ஒரு அடியைப் பிய்த்தெடுத்துத் தன் தாளத்தில் வைக்கலாம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. 1987-ல் வந்த எஸ்பி-1200 என்ற இயந்திரத்தில் மொத்தம் பத்து நொடிதான் பதிய முடியும். பத்து நொடிக்குள் எவ்வளவு திணிப்பது? 33 வேகத்தில் ஓடவேண்டிய தட்டை 45-ல் ஓட்டிப் பதிந்து, இயந்திரத்துக்குள் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அப்படி வந்த கரகரப்பைத்தான் இன்று காசு கொடுத்து ஆப்பில் வாங்குகிறோம்.

அந்தப் பழைய தட்டுகளில் அடித்தவர்கள் யார்? கோல்மன் ஒருவர். ஜேம்ஸ் பிரவுன் குழுவில் இருந்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் இன்னொருவர். டென்னசியின் சாட்டனூகா நகரில் வளர்ந்தவர். சுற்றியிருந்த தொழிற்சாலைகளின் சத்தத்திலும் ரயிலின் ஓட்டத்திலும்தான் தாளம் கற்றதாகச் சொன்னவர். 1969 நவம்பரில் 'ஃபங்கி டிரம்மர்' பதிவில் அவர் அடித்த சில நொடிகள், பப்ளிக் எனிமியின் 'ஃபைட் த பவர்' உட்பட எண்ணற்ற பாடல்களுக்குள் போயின. பாட்டை எழுதியவர் என்று போட்டிருப்பது பிரவுன் பெயர். ஸ்டபிள்ஃபீல்டுக்குக் கிடைத்தது குழு உறுப்பினருக்கான சம்பளம். 2000 வாக்கில் அவருக்குப் புற்றுநோய் வந்தபோது மருத்துவச் செலவை ஏற்றவர் பாடகர் பிரின்ஸ். ஒரு ரசிகரின் நல்ல மனசு அது. உரிமை என்று வந்த பணம் அல்ல.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மெட்டு போட்டவர் 'படைப்பாளி', வரி எழுதியவர் 'படைப்பாளி'; தாளம் அடித்தவர் வேலைக்கு வந்தவர். பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் இப்படித்தான் மனிதர்களை அடுக்கியது. தாளம் உடம்பின் வேலை, மெட்டு மூளையின் வேலை என்ற இந்தப் பிரிவினை எங்கிருந்து வருகிறது என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சபா மேடையும் சாவு வீடும் ஒரே ஊரில்தானே இருக்கின்றன.

நீதிமன்றம் தலையிட்டபோதும் அடித்தவருக்குப் பலன் இல்லை. 1991-ல் பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞருக்கு எதிரான வழக்கில், நியூயார்க் நீதிபதி பைபிளின் திருடாதே என்ற கட்டளையை மேற்கோள் காட்டித் தீர்ப்பைத் தொடங்கினார். 2005-ல் இன்னொரு தீர்ப்பு, இரண்டு நொடிக் கிடார் துண்டுக்கும் அனுமதி தேவை என்றது. அனுமதிக்கான பணம் யாருக்குப் போனது? தட்டின் உரிமையை வாங்கி வைத்திருந்த கம்பெனிகளுக்கு. ஏழைப் பையன்கள் சாம்பிள் எடுப்பதற்குப் பூட்டு விழுந்தது. டிரம்மரின் வீட்டில் அடுப்பு எரியவில்லை. 'திருட்டு' என்ற சொல்லை யார் மீது வீச வேண்டும் என்பதில் சட்டம் எப்போதும் தெளிவாகவே இருக்கிறது.

இந்த நெருக்கடியிலிருந்துதான் சொந்தமாக ஒலி உருவாக்கும் வேகமும் பிறந்தது. பிரிஸ்டல் நகரின் போர்ட்டிஸ்ஹெட் குழு 1994-ல் வந்த 'டம்மி' ஆல்பத்துக்காகத் தாங்களே வாசித்துப் பதிந்து, அதைத் தட்டாக அச்சிட்டு, தேய்த்துப் பழசாக்கி, அதிலிருந்தே சாம்பிள் எடுத்தார்கள். மேத்யூ ஹெர்பர்ட் 2000-ல் தனக்குத் தானே ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்: டிரம் மெஷின் கிடையாது, ஏற்கெனவே இருக்கும் ஒலியும் கிடையாது. வீட்டுச் சாமான், மனித உடல் என்று கிடைத்ததிலிருந்தெல்லாம் தாளம் எடுத்தார். ஸ்டபிள்ஃபீல்டும் பின்னாளில், சாம்பிள் உரிமை பற்றிய ஒரு ஆவணப்படத்தை ஒட்டி, மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தவும் அதற்கான ராயல்டியைச் செலுத்தவும் வழிசெய்து தன் அடிகளைத் தானே பதிந்து வெளியிட்டார். நாற்பது வருடம் தாமதம். 2017-ல் இறந்தார்.

நம் பக்கம் வருவோம். 2007-ல் எம்.ஐ.ஏ.வின் 'கலா' ஆல்பம் வந்தது. ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த அவர், சென்னையில் உறுமி மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். உறுமியின் அந்த முனகல் லண்டன் கிளப்புகளில் அதிர்ந்தது பெருமைதான். ஆனால் அந்த ஆல்பம் பற்றி நான் படித்த கட்டுரைகளில் பாடகி இருக்கிறார், தயாரிப்பாளர் இருக்கிறார். உறுமி அடித்தவர்கள் ஒரு கூட்டமாக மட்டுமே இருக்கிறார்கள்.

பறைக்கு வந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்ததற்காக அடிவாங்கிய மக்கள் நாம். பறையைத் தூக்கி எறிவதா, கலையாக மீட்டெடுப்பதா என்ற விவாதம் நமக்குள் இன்றும் முடியவில்லை. முடியவேண்டிய அவசரமும் இல்லை. இதற்கிடையில் சாம்பிள் பேக்குகளில் பறை 'எத்னிக்' என்ற தலைப்புக்குக் கீழே எண் போட்டுக் கிடக்கிறது. அடித்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை. அன்று ஆளைத் தொடமாட்டார்கள், அடியை மட்டும் கேட்பார்கள். இன்றும் ஏறக்குறைய அதேதான்.

பறை ஒலியைப் பதிய விரும்பும் தம்பிகளுக்கு: அவசரப்படாதீர்கள். காய்ச்சாத பறையில் ஒலி எழும்பாது. தீயில் காட்டி, தோல் விறைத்ததும் பதியுங்கள். நேரம் ஆக ஆக ஒலி இறங்கும், திரும்பவும் காய்ச்ச வேண்டும். அடிக்குச்சியின் அடியைத் தனியாக, சிண்டுக்குச்சியின் அடியைத் தனியாக, மெதுவாகவும் பலமாகவும் பல தடவை எடுங்கள். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் அது மெஷின் என்று காது கண்டுபிடித்துவிடும். மனிதர் இரண்டு தடவை ஒரே மாதிரி அடிப்பதில்லை.

அதோடு சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 'நிகழ்த்துபவர்' என்ற சொல்லுக்குள் இசைக்கலைஞர் வருகிறார், பாம்பாட்டிகூட வருகிறார். 2012 திருத்தத்துக்குப் பிறகு, நிகழ்த்தியது வணிகத்துக்குப் பயன்பட்டால் அவருக்கு ராயல்டி உரிமை உண்டு. தன் பெயரைச் சொல்லும்படி கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் அதே திருத்தத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. சினிமாவில் ஒருவரின் நிகழ்த்தல் போகிற போக்கில் வருவதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயரை எங்கேயும் போடுவதில்லை என்றால், தன் நிகழ்த்தலைச் சிதைப்பதை எதிர்ப்பதற்கு மட்டுமே அவர் நிகழ்த்துபவர். மற்றபடி அந்த உரிமைகள் அவருக்கு இல்லை. இதுவரை பெயர் போடவில்லை என்பதே இனியும் போடாமலிருக்கக் காரணம்! ஒரு தேர்த் திருவிழாக் காட்சியில் பறை அடிக்க வண்டியேற்றிக் கொண்டுபோகும் குழுக்களை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே எழுத்தில் வாங்குங்கள். ஒரு பக்கத் தாள் போதும்: அடித்தவர் பெயர், ஊர், தேதி, கொடுத்த பணம், பாட்டு விற்றால் அவருக்கு எவ்வளவு பங்கு, யாருக்கெல்லாம் அந்த ஒலியைத் தரலாம், தரக்கூடாது. இரண்டு படி எடுத்து ஒன்றை அவர் கையில் கொடுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவராக இருந்தால், அவர் வீட்டுப் பிள்ளை ஒருவரை வைத்து முழுவதும் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது எண்ணுக்கு முன்னால் அவர் பெயரைப் போடுங்கள்.

2015-ல் இங்கிலாந்தின் இசைக்காரர்கள் இணையத்தில் நிதி திரட்டி, வின்ஸ்டன்ஸ் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்ட் கொடுத்தார்கள். உரிமை அவர் பெயரில் இருந்தும், தன் பாட்டு எங்கெல்லாம் ஒலிக்கிறது என்று 90-களின் நடுவரை அவருக்கே தெரியாது. அந்தப் பணம் வந்தபோது கோல்மன் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. தன் ஏழு நொடி உலகைச் சுற்றியதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்றுதான் ஸ்பென்சர் சொன்னார்.