வசந்தம் பாடும் இயந்திரக் குரல்



இந்தப் பங்குனியில் ஒரு சாயங்காலம், சித்திரை முதல் நாள் விழாவுக்காகப் பிள்ளைகள் நம் பொது அறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி போனில் ஒரு ஜப்பானியப் பாட்டைப் போட்டாள். சிறுமியின் குரல், எங்கும் மூச்சு வாங்காமல் மேலே ஏறிக்கொண்டே போனது. "யாரும்மா பாடுறது?" என்று கேட்டேன். "யாருமே இல்ல தாத்தா, கம்ப்யூட்டர்" என்றாள். நம் விழாப் பாட்டையும் இப்படியே பாட வைத்துவிடலாம் என்பது அவர்கள் யோசனை. எனக்கு மனது ஒப்பவில்லை. ஆனால், என்னவென்றே தெரியாத ஒன்றை வேண்டாம் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. அதனால் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இயந்திரம் பாடத் தொடங்கி அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கெல்லி, கேரல் லாக்பாம் என்ற இருவர் ஓர் ஐபிஎம் கம்ப்யூட்டரைப் பாட வைத்தார்கள். பக்க இசை அமைத்தவர் மேக்ஸ் மேத்யூஸ். பாடியது 1892இல் எழுதப்பட்ட 'டெய்சி பெல்'. அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போய் இதைக் கேட்டு வியந்தவர்களில், இலங்கையில் குடியேறி வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் ஒருவர். அதனால்தான் 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில், அணைக்கப்படும் கம்ப்யூட்டர் கடைசியாக அதே பாட்டைப் பாடுகிறது.

இதைக் கடையில் வாங்கும் சரக்காக்கியது ஜப்பானின் யமஹா நிறுவனம். கென்மோச்சி ஹிதேகி தலைமையில், ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2000இல் வேலையைத் தொடங்கினார்கள். 2004இல் 'வோகலாய்டு' விற்பனைக்கு வந்தது. ஸ்வரத்தையும் சொல்லையும் நாம் எழுதிக் கொடுத்தால் அது பாடும்.

இது ஜப்பானிய மொழிக்கு நன்றாகப் பொருந்தியதற்கு ஒரு காரணம் உண்டு. அ, இ, உ, எ, ஒ என அவர்களுக்கு ஐந்தே உயிர். க, கி, கு, கெ, கொ என்று நம் உயிர்மெய் போலவேதான் அவர்கள் எழுத்தும். அந்த வரிசையே புத்த பிக்குகள் வழியாக நம் நாட்டிலிருந்து போனதுதான். எழுத்தொலிகள் குறைவு என்பதால், ஒருவரைச் சிறு சிறு ஒலித்துண்டுகளாகப் பேச வைத்துப் பதிவு செய்துகொண்டு, பிறகு வேண்டியபடி கோத்துக்கொள்ளலாம்.

அப்படி 2007 ஆகஸ்ட் 31ஆம் தேதி வந்தவள்தான் 'ஹட்சுனே மிகு'. சப்போரோ நகரத்து கிரிப்டன் நிறுவனத்தின் வெளியீடு. நீலப்பச்சை நிறத்தில் இரட்டைச் சடை போட்ட, பதினாறு வயதுச் சித்திரப் பெண். ஆனால் அந்தக் குரல் ஆகாயத்திலிருந்து விழவில்லை. சாகி ஃபுஜிதா என்ற நடிகை, இது எதற்கு என்று தெரிந்தே, சம்மதித்துக் கொடுத்த குரல் அது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். தறியில் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். துளை போட்ட அட்டை சொல்கிறபடி இழை ஏறி இறங்கும், யாளியும் மயிலும் சேலையில் விழும். அதற்காக அட்டையே சேலையை நெய்தது என்று யாராவது சொல்வோமா? பட்டு வேறிடத்திலிருந்து வர வேண்டும், நெய்பவர் உட்கார வேண்டும். இந்தப் பாட்டும் அப்படித்தான். மென்பொருள் அட்டை என்றால், குரல் பட்டு நூல்.

சரி, வசந்தத்துக்கு வருவோம். மார்ச் 31 என்றால் வங்கியில் எங்களுக்குக் கணக்கு முடிப்பு, ராத்திரி வீடு திரும்ப நேரமாகும். ஜப்பானிலும் நிதியாண்டு ஏப்ரல் 1இல்தான் தொடக்கம், பள்ளிக்கூட வருஷமும் அப்படியே. மார்ச்சில் பிள்ளைகள் பள்ளியை முடித்துப் பிரியும் அந்த நாட்களை ஒட்டித்தான் சகுரா மரங்கள் பூத்து உதிர்கின்றன. அதனால் அவர்களுடைய வசந்தப் பாட்டில் மகிழ்ச்சியோடு பிரிவும் கலந்திருக்கும். 2008இல் ஹருயோஷி என்பவர் வோகலாய்டைக் கொண்டு 'சகுரா நோ அமே', அதாவது 'சகுரா மழை' என்ற பிரியாவிடைப் பாட்டை அமைத்தார். அதைக் கேட்ட மாணவர்கள் தங்கள் பள்ளி விழாக்களில் சேர்ந்திசையாகப் பாட ஆரம்பித்தார்கள். 2016இல் அது ஒரு திரைப்படமாகவும் வந்தது.

'ஆயிரம் சகுரா மரங்கள்' என்று பொருள்படும் 'சென்பொன்சகுரா', மிகுவின் குரலில் 2011இல் வந்தது. 2015 டிசம்பர் 31 இரவு, ஜப்பான் தேசியத் தொலைக்காட்சியின் ஆண்டு நிறைவு இசை நிகழ்ச்சியில் அதைப் பாடியவர் பழைய பாணிப் பாடகி சச்சிகோ கோபயாஷி. அப்போது அவருக்கு வயது 62. என் வயதுக்காரர்களுக்கு இது தெம்பான செய்தி! இரண்டு பாட்டும் இயந்திரத்தில் தொடங்கி மனிதர் தொண்டைக்கு வந்துவிட்டதைக் கவனியுங்கள்.

நம் ஊரில் கதை வேறு திசையில் போனது. இங்கே இயந்திரம் புதுக் குரலைப் படைக்கவில்லை, மறைந்தவர்களின் குரலைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024இல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் 'திமிறி எழுடா' பாட்டில் கேட்க வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாகவும் உரிய ஊதியம் அனுப்பியதாகவும் அவரே தெரிவித்தார். அதே ஆண்டு தம்பி யுவன் இசையில் பவதாரிணியின் குரல் 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டில் கேட்டது. 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' பாட்டில் மலேசியா வாசுதேவன் குரலோடு அவர் மகன் யுகேந்திரனும் சேர்ந்து பாடினார். ஆனால் எஸ்.பி. பாலசுப்ரமணியம் குரலைத் தங்களைக் கேட்காமல் ஒரு தெலுங்குப் படத்தில் பயன்படுத்தியதாக அவர் மகன் சரண் அதே ஆண்டில் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது.

வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான். குரலும் ஒரு கையெழுத்து. மாதிரிக் கையெழுத்தோடு அச்சு அசலாகப் பொருந்தினாலும், கணக்குக்காரர் சம்மதமில்லாமல் போட்டது என்றால் அந்தச் செக் செல்லாது. ஃபுஜிதா சம்மதித்தார், பாக்யாவின் குடும்பம் சம்மதித்தது. அது இருக்கும்வரை நானும் ரசிப்பேன். ஆகவே உங்களுக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பழைய கேசட்டையோ வாட்ஸ்அப் குரல் பதிவையோ இப்படி மாற்றுவதற்கு முன், இருப்பவரானால் அவரையே கேளுங்கள், இல்லாதவரானால் வீட்டார் எல்லோரையும் கேளுங்கள். உங்கள் பேரன் குரலிலேயே அவசரமாகப் பணம் கேட்டு போன் வந்தால், வைத்துவிட்டு, உங்களிடம் உள்ள அவன் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொன்னேன். ஜப்பான் பள்ளிக்கூடப் பிள்ளைகளே தாங்களாகப் பாடுகிறார்கள் என்றதும் கொஞ்சம் யோசித்தார்கள். "அப்போ மெட்டு பழகுறதுக்கு மட்டும் கம்ப்யூட்டர், விழாவுல நாங்க" என்று அந்தப் பெண்ணே முடிவு சொன்னாள். ஸ்ருதிப் பெட்டியை ஏற்றுக்கொண்ட நாம் இதை மறுக்க என்ன இருக்கிறது?

சித்திரை முதல் நாள் மாலை, ஏரிக்காற்று வரும் நேரத்துக்கு, அனைவரும் மொட்டை மாடிக்கு வாருங்கள். நம் பிள்ளைகள் பாடுவார்கள். நடுவில் மூச்சு வாங்குவார்கள், ஓரிடத்தில் அடி தவறினாலும் தவறும். கை தட்டுவதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.