காடு மீட்பு ஊதியம்

சீர்கெட்ட காடு மீண்டும் தழைக்க, அதை ஒட்டி வாழும் ஊராருக்குத் தரப்படும் கூலி, வருவாய்ப் பங்கு, சிறுகடன் ஆகியவை காடு மீட்பு ஊதியம் எனப்படும்.

குமரி மாவட்டத்தில் இதன் தேவையைப் பத்மநாபபுரத்தில் நின்றே காணலாம். ஊரை அடுத்து எழும் வேளிமலையில் வள்ளியாறு பிறக்கிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர் புத்தன் அணை வழியாகப் பத்மநாபபுரம் புத்தனாறு கால்வாயில் வருகிறது. மலைக்காடு மழையைப் பிடித்துவைத்தால்தான் கீழுள்ள ஏலாக்களில், அதாவது வயல்வெளிகளில், நெல்லும் வாழையும் நிற்கும். நீரின் பலன் சமவெளிக்கு. காட்டைக் காக்கும் பாடோ காணிக்காரப் பழங்குடியினருக்கும் மலையடிவாரச் சிற்றூர்களுக்கும். அந்தப் பாட்டுக்கு விலை கொடுப்பது தருமமல்ல, கடன்.

1972-இல் மேற்கு வங்கத்தின் அரபாரியில், சால் மரக் காட்டைக் காத்த ஊராருக்கு வருவாயில் 25 விழுக்காடு தருவதாக உறுதியளித்தது இந்தியாவில் முன்னோடி முயற்சி. 1990 ஜூனில் ஒன்றிய அரசின் சுற்றறிக்கை இம்முறைக்கு நாடெங்கும் வழி திறந்தது. தமிழ்நாட்டில் 1997 முதல் ஜப்பானின் கடனுதவியுடன் நடந்த காடு வளர்ப்புத் திட்டம் கிராம வனக்குழுக்களை அமைத்தது. காட்டை நம்பிப் பிழைத்தவர்களுக்கு மாற்றுத் தொழில் தொடங்கச் சிறுகடனும் கிடைத்தது.

குறைந்த செலவில் கூடுதல் பலன் பெறுவது, எதற்குப் பணம் தருகிறோம் என்பதைப் பொறுத்தது. குழிக்கும் கன்றுக்கும் கணக்கிட்டுக் கூலி கொடுத்தால் குழியும் கன்றும் கிடைக்கும்; மரம் கிடைப்பது உறுதியில்லை. மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் கன்றுக்கு ஒரு பங்கை நிறுத்திவைத்துத் தருவது மேல். அதற்காக முழுத்தொகையையும் பின்னுக்குத் தள்ளினால் அன்றாடங்காய்ச்சிகள் சேரவே முடியாது. வேர்க்கட்டையும் விதையும் மிஞ்சியிருக்கும் மழைவளச் சரிவுகளில் நடுவதைவிடக் காவலே மலிவு: கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, மேய்ச்சலை விலக்குவது, படர்கொடி அறுப்பது.

இருக்கும் மரத்தைக் காக்கவும் ஊதியம் உதவும். உகாண்டாவில் 121 ஊர்களில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், பணம் பெற்ற ஊர்களில் இரண்டு ஆண்டுகளில் மரப்பரப்பு 4.2 விழுக்காடும், பெறாத ஊர்களில் 9.1 விழுக்காடும் குறைந்தது. அங்கே தந்தது எக்டேருக்கு ஆண்டுக்கு 28 டாலர்.

அதே தொகையைக் குமரியில் பட்டா நிலத்துக்குப் பேச முடியாது. இங்கே காட்டோடு போட்டியிடுவது ரப்பர். ஏழாம் ஆண்டு வாக்கில் பால்வெட்டு தொடங்கிவிட்டால் அது குடும்பத்தின் மாத வருமானம். ஆகவே ஓடைக்கரை, செங்குத்துச் சரிவு, பால் வற்றிய பழந்தோட்டம் என ரப்பரால் பெரிய ஆதாயமில்லாத இடங்களில் தொடங்குவதே செலவுக்கேற்ற வழி.